கனமான கேம்பர் வேனுக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி? நெல்லைச் சீமையில் புதிதாக ஓட்டத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டயர் கடைக்குப் போவதற்கு முன்னால் எடைமேடைக்குப் போக வேண்டும். பழைய டெம்போ டிராவலரையோ சிறிய பேருந்தையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று எல்லாம் பொருத்தி நடமாடும் வீடாக, அதாவது கேம்பர் வேனாக, மாற்றியவர்கள் பெரும்பாலும் நேராகக் கடைக்குப் போய், ‘எந்தக் கம்பெனி டயர் நல்லது?’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு எந்தக் கடைக்காரராலும் சரியான பதில் சொல்ல முடியாது. வண்டி எத்தனை கிலோ நிற்கிறது என்பது அவருக்கும் தெரியாது, பல நேரங்களில் கேட்பவருக்கும் தெரியாது. ஆள் ஏற்றும் வேனில் பாரம் ஏறும், இறங்கும். கேம்பர் வேனில் பாரம் இறங்குவதே இல்லை. வீட்டு வாசலில் சும்மா நிற்கும் நாளிலும் அந்த எடையில் பெரும்பகுதி அதே நான்கு டயர்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, பயணிகள் வேனாக இருந்தபோது போதுமானதாக இருந்த டயர் இப்போதும் போதுமா என்பதை எண்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பழைய நெல்லைச் சீமையில் இத்தகைய வண்டியை முதன்முதலாக வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். நம் பக்கத்து வெயிலும், முள்ளும், ஆனி ஆடிக் காற்றும் டயர்த் தேர்வில் நேரடியாகத் தலையிடுகின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் அறிவுரைகளில் பனிக்கால டயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும்; அது நமக்குத் தேவையில்லை.

முதல் வேலை: எடை

ஊருக்குக் கிளம்பும் நாளில் வண்டி எந்த நிலையில் இருக்குமோ, அதே நிலையில் அதை எடைமேடையில் ஏற்ற வேண்டும். டீசல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நிறைந்திருக்க வேண்டும். எரிவாயு உருளை, மெத்தை, பாத்திரம், அரிசி பருப்பு, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும். வழக்கமாக வரும் ஆட்களும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மனக்கணக்கில் எடை எப்போதும் குறைவாகத்தான் தோன்றும். ஆனால் நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. அறுபது லிட்டர் டீசல் ஏறத்தாழ ஐம்பது கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் பெரிய டியூபுலர் பேட்டரி ஒன்றே ஐம்பது கிலோவைத் தாண்டும். கூரைமேல் வைக்கும் ஏசியும் சோலார் பலகைகளும் தனி. மரச்சாமான் செய்த தச்சர் கனமான ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தியிருந்தால், அலமாரிகளின் எடை மட்டுமே இரண்டு மூன்று ஆட்களின் எடைக்குச் சமமாகிவிடும்.

அரிசி ஆலைகளும் கல்குவாரிகளும் உள்ள ஊர்களிலும், நான்குவழிச் சாலை ஓரங்களிலும் எடைமேடைகள் இருக்கின்றன. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், மேடைக்காரரிடம் விவரத்தைச் சொல்லி, மூன்று முறை எடை போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் முழு வண்டி. அடுத்து முன்சக்கரங்கள் மட்டும் மேடையில். பிறகு பின்சக்கரங்கள் மட்டும். மேடை தரையோடு சமமாகப் பதிக்கப்பட்டிருந்து, சுற்றுத் தரையும் மட்டமாக இருந்தால் நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: பின்பக்கத்தின் இடது சக்கரம் மட்டும் மேடையில் நிற்க, வலது சக்கரம் வெளியே நிற்கும்படி வண்டியை ஓரமாக ஏற்றி ஓர் எடை. இந்த நான்காவது சீட்டைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

காரணத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். முழு வண்டி 3,700 கிலோ, முன் அச்சு 1,450, பின் அச்சு 2,250 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இரண்டே சக்கரங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,125 கிலோ என்று வகுத்துவிட்டு, 1,150 கிலோ தாங்கும் டயர் போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் தண்ணீர்த் தொட்டி, அடுப்பு மேடை, பேட்டரி ஆகிய மூன்றும் இடப்பக்கமே அமைந்துவிட்ட வண்டியில், இடது பின்சக்கரம் மட்டும் 1,190 கிலோவும் வலது சக்கரம் 1,060 கிலோவும் சுமக்கலாம். அப்படியானால் வாங்கிப் போட்ட முதல் நாளிலிருந்தே இடது டயர் தன் வரம்பை மீறித்தான் ஓடிக்கொண்டிருக்கும். எனவே எந்தச் சக்கரத்தில் எடை மிக அதிகமோ, அந்த எண்ணை எடுத்து, அதோடு பத்து விழுக்காடு சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 1,190 ஏறத்தாழ 1,310 ஆகிறது. இந்த எண்ணைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்சி புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவருகிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ அச்சுக்குரிய வரம்பு இருக்கும். எடைச்சீட்டு அந்த வரம்பைத் தாண்டிக் காட்டினால், பெரிய டயர் வாங்குவது அதற்குத் தீர்வாகாது. டயர் தாங்கினாலும் பிரேக்கும், வண்டியைத் தாங்கும் வில்பட்டையும், அச்சை மூடிய ஹவுசிங்கும், பேரிங்கும் பழைய கணக்கிலேயே செய்யப்பட்டவை. அப்போது செய்ய வேண்டியது சாமானைக் குறைப்பதும், தொட்டியைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்துவதும்தான். டயரின் அளவும், அதன் பலத்தைக் காட்டும் பிளை ரேட்டிங்கும் அச்சு எடைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன. ஆகவே தயாரிப்பாளர் குறித்த அளவை விட்டு விலகாமல், அந்த அளவுக்குள் கூடுதல் எடை தாங்கும் டயரைத் தேடுவதே முறை.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகள்

கடையில் டயரை நிமிர்த்தி வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டை ஒரு சுற்று வாசியுங்கள். ‘215/75 ஆர் 16 சி 116/114 ஆர்’ என்பது போன்ற ஒரு வரிசை இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டும். முதல் ‘ஆர்’ ரேடியல் டயர் என்பதற்கும், 16 என்பது டயரை மாட்டும் சக்கரமான டிஸ்க்கின் விட்டம் 16 அங்குலம் என்பதற்கும் உரியவை. ‘சி’ என்பது சரக்கு வண்டிகளுக்கும் வேன்களுக்கும் என்று பலப்படுத்திச் செய்த டயர் என்பதற்கான குறி. சில டயர்களில் அதன் இடத்தில் இலகு ரகச் சரக்கு வண்டிக்கான ‘எல்டி’ என்ற குறி இருக்கும். கடைசி எழுத்து வேக வரம்பு: ‘என்’ மணிக்கு 140 கிலோமீட்டர், ‘கியூ’ 160, ‘ஆர்’ 170. கனமான கேம்பரை யாரும் அந்த வேகத்தில் ஓட்டப்போவதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவனம் முழுவதும் அந்த 116/114 என்ற எண்களின் மேல் இருக்க வேண்டும். இவை கிலோ கணக்கல்ல. எடைதாங்கும் திறனுக்கான குறியெண்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 109 என்றால் 1,030. 113 என்றால் 1,150. 116 என்றால் 1,250. 118 என்றால் 1,320. 121 என்றால் 1,450. முதல் எண் அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்றை டயர் இருக்கும்போது உரியது. இரண்டாவது எண், பின்னால் இரட்டை டயர் மாட்டும்போது ஒவ்வொரு டயருக்கும் உரியது. மேலே சொன்ன எடுத்துக்காட்டு வண்டிக்கு 1,310 கிலோ வேண்டும் என்பதால் 116 போதாது, 118 வேண்டும். அகலமும் உயரமும் விட்டமும் அச்சு அசலாக ஒத்த இரண்டு டயர்கள், குறியெண்ணில் ஐந்தாறு எண்கள் வேறுபடுவது சாதாரணம். அளவு ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

‘8 பிஆர்’, ‘10 பிஆர்’ என்ற பிளை ரேட்டிங்கும் அதே பக்கத்தில் இருக்கும். உள்ளே எட்டு அடுக்கு, பத்து அடுக்கு நூல் இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது பலத்தின் அளவு மட்டுமே. இரண்டுக்கும் இடையே தேர்வு வந்தால் கனமான வண்டிக்கு உயர்ந்த எண்ணையே எடுங்கள். ஐரோப்பாவில் கேம்பர் வண்டிகளுக்கென்றே ‘சிபி’ என்ற குறியோடு டயர் செய்கிறார்கள். எப்போதும் முழுப் பாரத்தோடு நிற்கும் வண்டி என்பதைக் கருத்தில் கொண்டு, பின் அச்சில் 5.5 பார் அழுத்தம், அதாவது நம் ஊர் அளவுமானியில் ஏறத்தாழ 80 பிஎஸ்ஐ வரை காற்றடிக்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காததற்காக வருந்த வேண்டியதும் இல்லை. குறியெண் பொருந்துகிற நல்ல ‘சி’ அல்லது ‘எல்டி’ ரேடியல் டயர் நம் வேலைக்குப் போதும். காருக்கும் எஸ்யூவிக்கும் உரிய டயரை மட்டும், டிஸ்க்கில் உட்காருகிறது என்ற ஒரே காரணத்துக்காக மாட்டிவிடக் கூடாது.

இந்திய விற்பனைக்கு உரிய டயர்களில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். சரக்கு வண்டி டயர்களுக்கான தரநிலை ஐஎஸ் 15636. எங்கிருந்தோ வந்த மலிவான டயரில் இந்த முத்திரை இல்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

காற்று: எடை தாங்குவது ரப்பர் அல்ல

டயர் தன் குறியெண் சொல்லும் எடையைத் தாங்குவது உள்ளே உரிய அழுத்தத்தில் காற்று இருந்தால் மட்டுமே. 118 என்று எழுதியிருக்கும் டயரில் 40 பிஎஸ்ஐ காற்றை அடித்துவிட்டு 1,320 கிலோவை எதிர்பார்க்கக் கூடாது. பக்கவாட்டிலேயே அதிகபட்ச எடையும் அதற்குரிய அழுத்தமும் பொறித்திருக்கும். அதற்குக் குறைந்த எடைகளுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற அட்டவணையை டயர்க் கம்பெனிகள் வைத்திருக்கின்றன, கடைக்காரர் மூலம் கேட்டு வாங்கலாம். எடைச்சீட்டில் உள்ள முன், பின் எடைகளை அந்த அட்டவணையில் வைத்துப் பார்த்து, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு எண்களைத் தீர்மானித்து, ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஒரே அச்சில் இடது, வலது இரண்டிலும் ஒரே அழுத்தம் வேண்டும். பாரம் அதிகமுள்ள பக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதையே இரண்டுக்கும் வைக்க வேண்டும்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில் பிறக்கும் வெப்பம் வெளியேறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் காற்றின் வெப்பமே 40 பாகையைத் தொடும்போது, கறுத்த சாலையின் மேற்பரப்பு அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கயத்தாற்றிலிருந்து வள்ளியூர் வரை நிற்காமல் ஓடும் கனமான வண்டியின் டயர், உள் வெப்பம், வெளி வெப்பம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. ரப்பருக்கும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிவலைக்கும் இடையிலான பிடிப்பு விட்டு, தரையைத் தொடும் வெளிப்பரப்பான பட்டன் பட்டையாக உரிந்து போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் நீண்ட ரப்பர்ப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள்.

அழுத்தத்தை விடியற்காலையில், வண்டி நகர்வதற்கு முன்னால் பார்க்க வேண்டும். 60 பிஎஸ்ஐ அளவில், வெப்பம் பத்துப் பாகை கூடினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை பிஎஸ்ஐ கூடும். ஓடிச் சூடான டயரில் ஆறேழு கூடுதலாகக் காட்டுவது இயல்பு. மதியம் தென்காசியில் சாப்பிட நிறுத்தியபோது அளந்து, ‘கூடிவிட்டதே’ என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயர் அதே அளவு குறைவாக நிற்கும், அன்றைய ஓட்டம் முழுவதும் டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். சூட்டில் ஏறிய காற்றை ஒருபோதும் இறக்க வேண்டாம்.

இதற்கு உதவும் சில பொருள்கள் வண்டியிலேயே இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கார்களுக்கென்று வைத்திருக்கும் காற்று இயந்திரம் நமக்குத் தேவையான அழுத்தம் வரை போகாமல் நின்றுவிடலாம். லாரிகளுக்குப் பஞ்சர் பார்க்கும் கடையின் கம்ப்ரசரே நம்பத் தகுந்தது. சொந்தமாக ஒரு நல்ல அளவுமானி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். வால்வையும் மறந்துவிடக் கூடாது. கார்களில் வரும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கே உரியது. அதற்கு மேல் காற்றடிக்கும் டயர் என்றால் நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு போடும்படி கேளுங்கள், செலவு சிறியது. டிஸ்க்கும் அந்த எடைக்கும் அழுத்தத்துக்கும் உரியதா என்று அதன் மேல் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று வாங்கி மாட்டிய அலாய் வீலில் எடைக் குறிப்பே இல்லாவிட்டால் அதைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்பு டிஸ்க்குக்குத் திரும்புவதே பாதுகாப்பு. நைட்ரஜன் அடிக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அடித்தால் தீமையில்லை, ஆனால் வாரந்தோறும் அளந்து பார்க்கும் பழக்கத்துக்கு அது ஈடாகாது.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆனியிலிருந்து ஆவணி வரை பக்கவாட்டில் அறையும் காற்றுக்கும் டயர் அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. உயரமான பெட்டியுள்ள வண்டியைக் காற்று தள்ளும்போது, மெலிந்த அல்லது காற்றுக் குறைந்த பக்கச்சுவர் அந்தத் தள்ளலுக்கு வளைந்து கொடுக்கிறது. வண்டி அலைகிறது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பணகுடி தாண்டியதும் வண்டி அலையத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஊர் திரும்பியதும் முதலில் அழுத்தத்தையும் பிறகு ஷாக் அப்சார்பரையும் சோதியுங்கள்.

பட்டன் வகை

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நம் ஓட்டம் பெரும்பாலும் தார்ச்சாலையில் என்பதால், நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் ஓடும் நெடுஞ்சாலைப் பட்டனே ஏற்றது. சத்தம் குறைவு, சூடு குறைவு, மழையில் தண்ணீரை நன்றாக வெளியேற்றும். குற்றாலச் சாரல் காலத்திலும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் இறங்கும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இந்தத் தண்ணீர் வெளியேற்றம்தான் கைகொடுக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளங்களுக்குள்ளே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. கனமான வண்டியில், மழைக்காலம் தொடங்கும்போது மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

தேரிக்காட்டுச் செம்மணலைப் பார்த்ததும் முரட்டுப் பட்டன் டயர் போட்டு உள்ளே இறக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. மூன்றரை டன் வண்டி அந்த மணலில் எந்த டயரோடும் புதையும். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் போனால் வண்டியைத் தார்ச்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

முள்

உடைமரமும் சீமைக் கருவேலமும் இல்லாத நிழல் நம் கிழக்குப் பக்கத்தில் அரிது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தும் இடமெல்லாம் காய்ந்த முள் கிடக்கும். இந்த முள் ஆணியைப் போல நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. ரப்பருக்குள் ஏறியதும் வெளித்தலை ஒடிந்து, பட்டன் பள்ளத்துக்குள் கறுத்த புள்ளி போலக் கிடக்கும். கையால் தடவினாலும் தட்டுப்படாது. டியூப்லெஸ் டயரில் அது அடைப்பாகவே இருந்துகொண்டு, ஓர் இரவுக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ என்று மெதுவாகக் காற்றைக் கசியவிடும். எல்லா டயரும் 62 காட்ட, ஒன்று மட்டும் 58 காட்டினால், அன்று காற்றை நிரப்பிவிட்டு மறந்துவிடாமல், சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பட்டன் முழுவதும் தேட வேண்டும். குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் பஞ்சர் கடைக்குக் கொண்டு போனால் வேலை விரைவில் முடியும்.

வெளியிலிருந்து திணிக்கும் நாடாப் பஞ்சர் ஊர் வந்து சேர்வதற்கு மட்டும். பிறகு டயரைக் கழற்றி, உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவப் பேட்ச் போட்டுவிட வேண்டும். உள்ளே நூல் கருகியிருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் இந்த எடைக்கு எந்த ஒட்டும் ஏற்றதல்ல, டயரை மாற்றியே ஆக வேண்டும். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டிகளில் இரண்டுக்கும் இடையில் சரளைக்கல் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கச்சுவர்களையும் அது அறுத்துவிடும் என்பதால், மண்பாதையிலிருந்து ஏறியதும் இறங்கிப் பார்த்து, இரும்புக் கம்பியால் தட்டி எடுத்துவிட வேண்டும்.

டயரின் வயது

சரக்கு லாரியின் டயர் தேய்ந்து சாகிறது. கேம்பரின் டயர் தேயாமலே மூப்படைகிறது. மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரே இடத்தில், முழுப் பாரத்தோடு, வெயிலில் நிற்கிற வண்டி இது. பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர், வண்டி வாங்க வந்தவரிடம் பின்டயரின் பக்கச்சுவரை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிதுக்கிக் காட்டினார். மெல்லிய வெடிப்புகள் வரிவரியாகத் திறந்துகொண்டன. ‘பாக்கதுக்குப் புதுசு மாதிரித்தான் இருக்கு அண்ணாச்சி, வெயில்ல கெடந்து கெடந்து காஞ்சிட்டு’ என்றார். அவர் செய்ததையே நீங்களும் செய்யலாம்: பக்கச்சுவர், பட்டன் பள்ளத்தின் அடி, டிஸ்க்கோடு சேரும் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் நல்ல வெளிச்சத்தில் வெடிப்பைத் தேடுங்கள்.

டயர் பிறந்த தேதியைப் பக்கவாட்டிலேயே படிக்கலாம். ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுமையாக இருக்கலாம் என்பதால், காணவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் எப்படி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை. நம் வெயிலையும் இந்த எடையையும் சேர்த்து எண்ணினால், ஆறு, ஏழு ஆண்டுகளில் மாற்றிவிடுவதே சரி. நல்ல பட்டனோடு டயரைக் கழற்றிப் போட மனம் வராதுதான். ஆனால் அந்த வண்டிக்குள் நம் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது.

நிறுத்தி வைக்கும் முறையால் இந்த ஆயுளைக் காக்கலாம். சக்கரங்களுக்கு அடியில் டயரைவிட அகலமான பலகை வையுங்கள். பாதி டயர் பலகையிலும் பாதி அந்தரத்திலும் நிற்கக் கூடாது. வெயில் படும் பக்கத்துச் சக்கரங்களைச் சாக்கோ வெள்ளைத் துணியோ போட்டு மறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு வந்தால் ஒரே இடம் தட்டையாவதைத் தவிர்க்கலாம். பளபளப்புக்காக விற்கும் எண்ணெய்ப் பூச்சுகளைத் தொட வேண்டாம், அவற்றில் சில ரப்பரின் பாதுகாப்புப் பொருளையே கரைத்துவிடும். உவரி, மணப்பாடு என்று கடற்கரையில் தங்கித் திரும்பினால் டிஸ்க்கை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்றில் விளிம்பு துருப்பிடித்தால் டியூப்லெஸ் டயர் அந்த இடத்தில் கசியும்.

கடையில்

இப்போது கையில் அளவு, குறியெண், அழுத்தம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. இவை மூன்றும் பொருந்தும் டயர்களுக்குள் மட்டும் கம்பெனியையும் விலையையும் ஒப்பிடுங்கள். எம்ஆர்எஃப், அப்போலோ, ஜேகே, சியட் என்று இங்கே பரவலாகக் கிடைப்பவற்றில் ஒன்றை எடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: வெளியூரில் ஒரு டயர் கிழிந்தால் அதே இணை கிடைக்கும். விலையுயர்ந்த வெளிநாட்டு டயருக்கு ஒற்றை இணை தேடி நான்கு நாள் காத்திருப்பது பயணத்தையே கெடுத்துவிடும். தேதியைப் பார்த்து, ஓர் ஆண்டுக்குள் செய்ததையே கேளுங்கள். கிடங்கில் பழையது இருந்தால் புதிதாக வரவழைத்துத் தரச் சொல்லலாம். பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள், உத்தரவாதம் கேட்கப் போகும்போது அது வேண்டும். ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்த டயரில் புதிய பட்டன் ஒட்டிய டயர் லாரிக்காரர்களுக்குக் கட்டுபடியாகலாம். ஆண்டு முழுவதும் வெயிலில் பாரத்தோடு நிற்கும் கேம்பருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கையும் ஒன்றாக மாற்ற முடியாவிட்டால் ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய இணையை எங்கே மாட்டுவது என்பதில் நம் ஊரில் கருத்து வேறுபாடு உண்டு. முன்டயர் வெடித்தால் ஆபத்து என்று புதியதை முன்னால் போடுவது லாரி வழக்கம். ஆனால் கேம்பரில் எடை பின்னால்தான் குவிந்திருக்கிறது. மழையில் பின்சக்கரம் பிடிப்பு விட்டு வண்டி சுழன்றால் ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே புதியதைப் பின்னால் மாட்டுவதே என் பரிந்துரை, முன்னால் இருப்பவை வெடிப்பில்லாமல் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில். அவை அப்படி இல்லை என்றால் நான்கையும் மாற்றும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மாட்டி முடித்ததும் பேலன்சிங், வீல் அலைன்மென்ட் இரண்டையும் செய்துவிடுங்கள். அலைன்மென்ட் செய்யும்போது வண்டியில் வழக்கமான பாரம் இருக்க வேண்டும், வெற்று வண்டியில் செய்த கணக்கு பாரம் ஏறியதும் மாறிவிடும். பிறகு ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். திருநெல்வேலியில் மாட்டியவர்கள் கோவில்பட்டி போய்ச் சேர்ந்ததும் இறுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டெப்னி

ஐந்தாவது டயரும் அதே குறியெண்ணில் இருக்க வேண்டும். கேம்பராக மாற்றும்போது பலர் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியிலோ பின்கதவிலோ மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வேனோடு வந்த பழைய டயரே அங்கே பல ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மற்ற டயர்களுக்குக் காற்றுப் பார்க்கும் நாளிலேயே இதற்கும் பார்க்க வேண்டும். கூடவே, வண்டியின் எடைக்கு ஏற்ற பாட்டில் ஜாக்கி, அதற்கு அடியில் வைக்கத் தடித்த மரக்கட்டை, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டைகள், நட்டைக் கழற்றும் ஸ்பேனரில் செருகிப் பிடிக்க ஒரு நீளக் குழாய் ஆகியவை வேண்டும். பயணம் கிளம்பும் முன் ஒருமுறை, வீட்டு வாசலிலேயே, முழுப் பாரத்தோடு ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி எட்டவில்லை, குழாய் போதவில்லை, தண்ணீர்த் தொட்டியின் குழாய் இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.